கண்ணுக்கு ஒரு நூல் தள்ளி

"ஐயையோ… என் படம்!"

அவ்வலறலைக் கேட்டு, விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் சென்றுகொண்டிருந்த மாலைப் பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தனர். மற்றவர்கள், சன்னல் வழியே அடித்த சாரலுக்கு முகத்தை மறைத்துக்கொண்டிருந்தமையால் ஒன்றும் அறிந்திலர்.

நிகழ்ந்தது இதுதான். ஆமத்தூரைத் தாண்டியதும் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். முன்னிருக்கையின் ஓரமாகச் சாத்தப்பட்டிருந்த ஒரு சாக்குப் பொதி சரிந்து, கற்பகவல்லி தன் காலடியில் கிடத்தி வைத்திருந்த ஓவியத்தின்மேல் தொப்பென்று விழுந்தது. படத்துக்கு அடியில் கனத்த அட்டை இருந்தது. மேலேயோ வெறும் நெகிழித்தாள்தான்.

சாக்கிற்கு உரியவன் பாய்ந்து வந்து அதனைத் தூக்கினான். ஈரத் தலை… ஈரச் சட்டை… மூச்சு வாங்கும் முகம்… ஆனால் கற்பகவல்லி அம்முகத்தைப் பார்க்கவே இல்லை. நெகிழித்தாளில் நீளமாக வளைந்து விழுந்திருந்த கிழிசலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கை எங்கன சாத்துறோம்னு பார்க்க வேண்டாமாங்க?"

"நல்லாத்தான் சாத்தியிருந்தேன். பிரேக் போட்டது டிரைவருங்க…"

"அப்ப சாக்குக்குள்ள கத்தியை வச்சதும் டிரைவர்தானா?"

அவன் சாக்கின் வாயைத் திரும்பத் திரும்ப முறுக்கினான். அடுத்த இருக்கையில், மடியில் தூக்குவாளியோடு அமர்ந்திருந்த தங்கத்தாய் என்னும் அம்மாள், நாள்தோறும் அதே பேருந்தில் வருபவர். எந்த வழக்காயினும் தீர்ப்புக் கூறாமல் அவரால் இருக்க இயலாது.

"ஏலே தம்பி, அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதிலைச் சொல்லுலே!"

கற்பகவல்லி நெகிழித்தாளைப் பிரித்தாள். உள்ளே… மழை பெய்துகொண்டிருந்தது.

ஆம், அவ்வோவியத்தில் மழைதான் பெய்தது. பட்டாசு காயவைக்க வெயில் இல்லாமையால் ஆலை மூடப்பட்ட ஒரு நண்பகல். தலைமயிரில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மின்ன, ஒரு தாய் நேரத்தோடு வீடு திரும்புகிறாள். எதிரே சேற்றைத் தெறிக்கவிட்டு மகள் ஓடி வருகிறாள். அவள் பின்னே, காரணம் அறியாமலே மகிழ்ந்து, ஐந்து வெள்ளாட்டுக் குட்டிகள் துள்ளி வருகின்றன. அன்றைய கூலி போயிற்றே என்ற கவலையும், மகளைப் பகலிலேயே பார்த்துவிட்ட களிப்பும் அத்தாயின் கண்களில் ஒன்றாக நின்றன.

வெட்டு, அவள் புருவத்தின் முடிவில் தொடங்கிக் கன்னத்தின் வழியே வளைந்து இறங்கித் தாடையில் நின்றிருந்தது. இடக்கண்ணுக்கு ஒரு நூல் தள்ளி… ஒரே ஒரு நூல்!

சாக்குக்காரன் குனிந்து பார்த்தான். மன்னிப்புக் கேட்க வந்தவன், அதை மறந்து படத்தையே உற்றுப் பார்த்தான்.

"இந்தச் சேறு… இதுல அஞ்சு நிறம் இருக்கு. அந்த மிளகாய்ச் சந்தைப் படத்துலயும் தரை இப்படித்தான் இருக்கும். வத்தல் குவியலுக்குப் பக்கத்துல ஒரு தரகர் நிப்பாரே… தும்மல் வரப் போகுது, ஆனா இன்னும் வரல, அப்படி ஒரு முகம்… அதுவும் நீங்க வரைஞ்சதுதானா?"

கற்பகவல்லியின் சினம் ஒரு கணம் தடுமாறியது. அந்தத் தும்மலை இதுகாறும் ஒருவரும் அவளிடம் குறிப்பிட்டதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தார் சிறுவர்களுக்கான ஜிக்சா புதிர்களைச் செய்து வந்தனர். ஒரு படம், அறுபது துண்டுகள், அழகிய பெட்டி. ஆறாண்டுகளில் கற்பகவல்லி அவர்களுக்கு இருபத்திரண்டு படங்கள் வரைந்திருந்தாள். வாரம் மூன்று நாள் விருதுநகர்ப் பள்ளி ஒன்றில் ஓவியம் கற்பித்துவிட்டு, அங்கேயே அமர்ந்து வரைவாள். எத்தனை வீடுகளில், எத்தனை பிஞ்சு விரல்கள் அவள் வரைந்த மழையையும் மாட்டையும் துண்டு துண்டாகச் சேர்த்திருக்கும்! ஆனால் எந்தப் பெட்டியிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

"ஆமா, நான்தான் வரைஞ்சேன். உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"நானும் அந்தக் கம்பெனியிலதாங்க… இருபத்திரண்டு படத்தையும் பார்த்திருக்கேன்."

"அப்படின்னா நல்லாக் கேட்டுக்கங்க. இது இருபத்து மூணாவது. மெட்ராஸ் பொம்மைக் கடைக்காரக ஆர்டர். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுத்தா, பெட்டியில ஓவியர் பேரைப் போடுறதாச் சொல்லியிருக்காக. முதல் தடவையா… என் பேரு! அதைத்தான் உங்க சாக்கு கிழிச்சிருக்கு." அவள் கிழிசலை விரலால் தடவினாள். "ஆமா, கம்பெனியில என்ன வேலை பார்க்கீக?"

அவன் வாய் திறந்தான். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"அங்கன டை அடிக்கிறவர்னு ஒருத்தர் இருக்கார். பிளேடை வளைச்சுப் பலகையில பதிச்சு, எந்த இடத்துல படத்தை வெட்டணும்னு முடிவு பண்றவர். அவரைப் பார்த்துப் படிங்க. நான் எந்தப் படத்துலயும் கண்ணைத்தான் கடைசியா வரைவேன். அந்தக் கண்ணுமேல அவர் ஒரு தடவைகூட வெட்டு விழ விட்டதில்லை. சந்தைப் படத்துல எம்புட்டுப் பேர்! ஒரு கோழிக் கண்ணுகூடத் தப்பிச்சிருச்சு. என் படத்தை முழுசாப் பார்த்தவர் இந்த உலகத்துல அவர் ஒருத்தர்தான். வயசானவரா இருக்கும். எம்புட்டுப் பொறுமை! ஒரு நாள் நேர்ல பார்த்துக் கும்பிடணும்… உங்களை மாதிரி கண்ட இடத்துல சாக்கைச் சாத்துற ஆளா அவரு?"

அவன் சாக்கை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினான்.

"நான்… லோடு ஏத்துற வேலைங்க," என்றான்.

திருத்தங்கல் வந்தது. மழை இன்னும் விடவில்லை. "மன்னிச்சிருங்க" என்ற ஒரே சொல்லோடு அவன் இறங்கிப் போனான். அவன் இறங்கவேண்டிய இடம் அதுவன்று என்பதைக் கற்பகவல்லி எங்ஙனம் அறிவாள்?

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் இருந்த வீட்டில், அவளுடைய தாய் சண்முகத்தாய் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஓவியத்திலிருந்த முகமும் அவளுடைய முகமே.

"என் கன்னத்துலதான கீறல்? கண்ணு நல்லாத்தான இருக்கு. குடுத்துரு தாயி."

"உனக்குக் கன்னம் கிழிஞ்சா நான் சும்மா இருப்பேனாம்மா?"

மறுநாள் புதன்கிழமை. அச்சகத்தின் மேலாளர் தங்கச்சாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குப் போயா கலங்குறீக? கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம்மா."

அழித்தும் காட்டினார்கள். திரையில் வெட்டு மறைந்தது. அதனோடு, தூரிகையின் மயிர்க்கோடுகளும் மறைந்தன. வெயிலில் முப்பது ஆண்டுகள் நின்ற கன்னம், சோப்பு விளம்பரக் கன்னம் போல வழவழத்தது.

"இது எங்க அம்மா கன்னம் இல்லை. என் பிரஷ் போன தடத்துல வேற கை வர வேண்டாம். புதுசா வரைஞ்சு தாரேன்… பத்து நாள் குடுங்க."

"பத்து நாளா? வெள்ளிக்கிழமை படம் இல்லேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும். உங்க பேரும் அதோட போயிரும்மா." தங்கச்சாமி தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "எதுக்கும் டைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்போம். ஏய் மாரிக்கண்ணா, இங்கன வாப்பா!"

கற்பகவல்லி சட்டென்று எழுந்து நின்றாள். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கைகள் தாமாகவே கும்பிடக் குவிந்தன. ஆறாண்டுகளாகத் தான் வணங்க விரும்பிய அந்தப் பெரியவர்…

கையில் அதே சாக்கோடு வந்தவன் பேருந்துச் சாக்குக்காரன்!

குவிந்த கைகள் அப்படியே நின்றன.

"நீங்களா?"

"நான்… நேத்தே சொல்லணும்னு…"

"லோடு ஏத்துறவர்னு சொன்னீகளே? நான் வாய் ஓயாம உங்களையே உங்ககிட்டப் புகழ்ந்துக்கிட்டு இருந்தேன். அதைக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிச்சீகளா?"

"சிரிக்கலைங்க. சத்தியமா…"

"வயசானவரா இருக்கும், கும்பிடணும்னு வேற சொன்னேன். வீட்டுக்குப் போய் எத்தனை பேர்கிட்டச் சொல்லிச் சிரிச்சீக?"

அவள் படத்தை வாரி எடுத்துக்கொண்டாள். மாரிக்கண்ணன் கதவுவரை பின்னால் வந்தான். "படத்தை ஒரே ஒரு தடவை குடுங்க. அதுமேல ஒரு தாளை வச்சுக் கிழிசல் கோட்டை மட்டும் எடுத்துக்கிறேன்."

"தொடக்கூடாது!" என்றாள் அவள். அவமானம் கண்களில் நீராகத் திரண்டது. அது விழுவதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

வியாழனன்று காலையிலிருந்தே வானம் இருண்டிருந்தது. நண்பகலில் மழை பிடித்துக்கொள்ள, ஆலைகள் மூடப்பட்டன. சண்முகத்தாய், ஓவியத்தில் உள்ளபடியே, தலையில் வெள்ளிப்பொடி மின்ன நேரத்தோடு வீடு திரும்பினாள். அவளோடு ஒரு விருந்தினனும் வந்தான்.

"தெருமுனையில நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. விலாசம் கேட்டாரு, கூட்டியாந்தேன். ஏன் தம்பி, குடை பிடிச்சிருக்கீக… குடையை உங்களுக்குப் பிடிக்காம அந்தக் குழாய்க்கா பிடிச்சிருக்கீக?"

மாரிக்கண்ணனின் கையில், குழாய் போலச் சுருட்டிய கண்ணாடித்தாள் ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு துளியும் விழவில்லை. அவன்மேல் விழாத இடம் இல்லை.

கற்பகவல்லி அடுக்களைக் கதவின் பின்னே நின்றாள். வெளியே வரவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

"சாப்பிட்டீகளா தம்பி?"

"ஆச்சும்மா… உங்க மககிட்ட ஒண்ணு சொல்லணும். அவுக வெளியே வர வேண்டாம். கேட்டாப் போதும்."

"சொல்லுங்க. கதவுக்குக் காது உண்டு," என்றாள் சண்முகத்தாய்.

அவன் தரையைப் பார்த்தவாறே பேசினான்.

"அன்னைக்குப் பஸ்ல அவுக அந்த டைக்காரரைப் பத்திச் சொன்னாக. கண்ணுமேல வெட்டு விழ விடாதவர்னு சொன்னாக. அதுக்கு ஒரு நிமிசம் முந்திதான் நான் ஒரு முகத்தையே வெட்டியிருந்தேன். அந்த ஆளு நான்தான்னு எந்த வாயால சொல்றது? சிரிக்கலம்மா… வெக்கமா இருந்துச்சு. ஆறு வருசமா ஒவ்வொரு படத்தையும் ரெண்டு நாள், மூணு நாள் பார்த்துக்கிட்டே இருப்பேன். எந்தக் கண்ணு எங்கன பார்க்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான் பிளேடை வளைப்பேன். பேர் தெரியாத அந்தக் கைக்கு என்னால முடிஞ்ச மரியாதை அம்புட்டுத்தான்."

கதவு சற்றே அசைந்தது.

"அந்தச் சாக்குல இருந்தது, விருதுநகர்ப் பட்டறையில வச்சு மீன் படத்துக்கு நான் அடிச்ச டை. பிளேடைச் சுத்தி இன்னும் ஸ்பாஞ்சு ஒட்டாததால அது நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்க படம் என்கிட்ட இல்லை. கண்ணெல்லாம் எங்கன இருக்குன்னு கம்ப்யூட்டர்ல எடுத்த நகல்ல பார்த்தேன், அதுல காயத்தை அழிச்சிட்டாக. ஆனா அந்தக் காயத்தோட வளைவு என்கிட்ட இருக்கு. நான் வளைச்ச பிளேடு போட்ட காயந்தான? எந்த மூலையில பிளேடு மடங்கும், எங்கன நிமிரும், எல்லாம் கைக்குத் தெரியும். அந்தக் கோட்டையே முதல் வெட்டா வச்சு, அங்க இருந்து மத்தத் துண்டையெல்லாம் பிரிச்சிருக்கேன். இதைப் படத்துமேல வச்சுப் பாருங்க… பிடிக்கலேன்னா இங்கனயே கிழிச்சிருங்க."

ஓட்டில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கற்பகவல்லி வெளியே வந்தாள். அவனைப் பாராமலே கண்ணாடித்தாளை வாங்கினாள். ஓவியத்தின்மேல் விரித்து, மெல்ல நகர்த்தினாள். இன்னும் சிறிது மேலே… சிறிது இடப்பக்கம்…

கோடு காயத்தின்மேல் போய் அமர்ந்தது.

புருவ முடிவில் தொடங்கி, கன்னத்தில் வளைந்து, தாடையில் நின்றது. ஒரு மயிரிழையும் பிசகவில்லை. இனி அது காயமன்று. இரண்டு துண்டுகள் கூடுமிடம்! இப்படம் புதிராகும்போது எந்தக் குழந்தையும் அங்கே ஒரு கிழிசலைக் காணாது. தாயின் முகத்தைச் சேர்த்துவிட்டதாக மகிழ்ந்து கைதட்டும்.

அவளுடைய ஆள்காட்டி விரல் படத்தின்மேல் ஊர்ந்தது. தாயின் கண்கள் இரண்டு. மகளின் கண்கள் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் தெரியத் துள்ளும் ஐந்து குட்டிகளுக்கு ஐந்து. மொத்தம் ஒன்பது கண்கள்… ஒன்பதும் முழுமையாகத் தப்பியிருந்தன. கடைசிக் குட்டியின் கண்ணருகே மட்டும் கோடு விலகி, ஒரு சிறு சுற்றுச் சுற்றிப் போயிருந்தது.

"இங்க ஏன் இப்படி வளைச்சீக?"

"அது கண்ணு மூடப் போற நேரம். இமை பாதி இறங்கியிருக்கு. நேராப் போனா இமை வெட்டுப்படும்."

அந்த இமையை வரைந்த கற்பகவல்லிக்கே அது பாதி மறந்திருந்தது. நான் மறந்ததையும் இவர் பார்த்திருக்கிறாரே… என்று அவள் நெஞ்சம் உருகியது. நன்றி கூறவேண்டும். நிமிர்ந்து பார்க்கவும் வேண்டும். ஆனால் நாணம் தலையைக் கீழேயே அழுத்திற்று.

"படத்தை எடுத்துட்டுப் போங்க," என்றாள், கையிலிருந்த தாளைப் பார்த்து.

சண்முகத்தாய் ஒரு துண்டை அவனிடம் நீட்டினாள். "தலையைத் துவட்டுங்க தம்பி. என் கன்னத்துல கோடு போட்டா என்ன… போட்ட ஆளு நல்ல ஆளாத்தான் தெரியுது."

வெள்ளிக்கிழமை நண்பகலில், பொம்மைக் கடையின் சார்பில் சென்னையிலிருந்து வந்த அம்மையார் முதல் மாதிரியைக் கையாலேயே சேர்த்துப் பார்த்தார். கடைசித் துண்டு பொருந்தியதும் அவர் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! ஓவியம், கற்பகவல்லின்னு பெட்டியோட முன்பக்கமே போட்டுடலாம்."

ஆறாண்டுகளாகக் காத்திருந்த சொல். அதைக் கேட்டதும் அவள் கண்கள் பனித்தன. ஆனால் அவள் கேட்டது வேறு.

"வெட்டு, மாரிக்கண்ணன்னு அதுக்குக் கீழே போடுவீகளா?"

தங்கச்சாமி பதறினார். "டைக்காரர் பேரை எந்த ஊருலம்மா போட்டிருக்காக?"

அம்மையாரும் தயங்கினார். "பழக்கம் இல்லையே…"

"அப்ப என் பேரையும் எடுத்திருங்க."

மூலையில் நின்ற மாரிக்கண்ணன் முன்னே வந்தான். "வேண்டாங்க… நீங்க ஆறு வருசமாக் காத்திருந்தது…"

"நீங்க சும்மா இருங்க. பேச வேண்டிய நேரத்துல உங்களுக்கு வாய் வராதுன்னு பஸ்லயே பார்த்தேன்." அவள் அம்மையாரிடம் திரும்பினாள். "இந்தப் படத்துல ஒரு கிழிசல் இருக்கு. எங்கன இருக்குன்னு காட்டுங்க. காட்டிட்டா அவர் பேர் வேண்டாம்."

அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினார். விரலால் தடவினார். அறுபது துண்டுகளையும் தேடினார். இறுதியில் சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் இருக்கட்டும்," என்றார்.

ஒரு மாதம் கழிந்தது. அதே மாலை நேரம். அதே பேருந்து. மாரிக்கண்ணன் புதிய டை ஒன்றைச் சாக்கில் பொதிந்து, இம்முறை மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். விருதுநகர் நிறுத்தத்தில் ஏறிய கற்பகவல்லி, வேறு இடங்கள் காலியாக இருந்தும், அவனுக்கு அருகில் வந்து அமர்ந்தாள்.

"சாக்கு பத்திரமா இருக்கா?"

"என் காலையே வெட்டினாலும் கீழ வைக்க மாட்டேன்."

அவள் நெகிழித்தாள் சுற்றிய ஒரு சிறிய படத்தை நீட்டினாள். "இருபத்து நாலாவது. பாருங்க."

அவன் பிரித்தான். மழையில் ஓடும் பேருந்து… சன்னலோரம் ஈரச் சட்டையோடு ஓர் இளைஞன்… மார்போடு அணைத்த சாக்குப் பொதி. முடியிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியிலும் ஒரு சிறு வெளிச்சம். எல்லாம் முடிந்திருந்தது. கண்கள் மட்டும் வரையப்படாமல் வெறுமையாக இருந்தன.

"கண்ணு எங்க?" என்றான், குரல் எழாமல்.

"எப்படி இருக்கும்னு தெரியாதே… முதல் நாள் கிழிசலைத்தான் பார்த்தேன். கம்பெனியில கோவத்துல பார்க்கல. வீட்டுல…" அவள் நிறுத்தினாள்.

"வீட்டுல?"

"வெக்கத்துல பார்க்கல."

ஆமத்தூர் தாண்டியது. சன்னலில் முதல் தூறல் விழுந்தது. கற்பகவல்லி மெல்ல, மிக மெல்ல முகத்தை உயர்த்தினாள். மை தீட்டிய அவ்விழிகள் அவனுடைய விழிகளில் வந்து நின்றன… விலகவில்லை. அவன் கண்களோ பழுப்பு நிறம். ஓரத்தில் சிறிது தேன். உள்ளே அச்சம், அதனுள்ளே ஆசை… எத்தனை நிறங்கள்!

"வரைய எம்புட்டு நேரமாகும்?" என்றான் அவன்.

"எனக்குக் கண்ணுதான் நேரமெடுக்கும். தினமும் பார்க்கணும்… ஒரு ஆயுசு ஆனாலும் ஆகும். உக்காருவீகளா?"

மாரிக்கண்ணன் மடியிலிருந்த சாக்கை இறுகப் பற்றினான். எதையோ சொல்ல உதடு துடித்தது. சொல் வரவில்லை. வழக்கம்போலவே, வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

அடுத்த இருக்கையில் தூக்குவாளி ஒன்று ணங்கென்று ஒலித்தது. தங்கத்தாய் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே தம்பி! அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதிலைச் சொல்லுலே!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"உக்காருறேன்," என்றான் மாரிக்கண்ணன், எல்லார் காதிலும் விழும்படி. பிறகு அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி, "ஆனா இந்தப் படத்துக்கு மட்டும் நான் டை அடிக்க மாட்டேன்… இதை வெட்ட என் கை வராது," என்றான்.